முட்டி போன ஆட்டக்காரருக்கும் ஒரு வழி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தைப் பல வருடமாக விடாமல் படித்து வருகிறேன். கால்பந்துக்குக் கிடைக்கும் இடமே கொஞ்சம்தான், அந்தக் கொஞ்சத்திலும் மெஸ்ஸி, ரொனால்டோ, எம்பாப்பே, இப்போது லமீன் யமால் என்று நட்சத்திரங்களே வருகிறார்கள். வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மதுரையில் பந்து ஆடுகிற பையன்களும், ஆடி முடித்துவிட்டு அடுத்து என்ன என்று தெரியாமல் நிற்கிறவர்களும் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒருவர் ஸ்பெயினில் இருக்கிறார். ஹோசே போர்தலாஸ் என்று பெயர். அவரைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம், கூடவே நம்ம ஊருக்காக ஒரு கோரிக்கையும் இருக்கிறது.

போர்தலாஸ் 1964ல் அலிகாண்டேயில் பிறந்தவர். மத்தியதரைக் கடலோர ஊர், சுற்றிலும் ஊருக்கு ஊர் கால்பந்துக் கிளப் உள்ள மாகாணம். முன்களத்தில் ஆடினார், ஆனால் டிவியில் வருகிற முதல் டிவிஷனில் ஒரு மேட்ச் கூட ஆடியதில்லை; ஆடியதெல்லாம் கீழ்நிலை அணிகளில்தான். 28 வயதில் காயத்தால் ஆட்டத்தையே விட வேண்டியதாயிற்று. மறுபடி அவர் மைதானத்துக்கு வந்தது 1993ல், அலிகாண்டே கிளப்பின் பி அணிக்குப் பயிற்சியாளராக. அதற்கப்புறம் வருடக்கணக்கில் பெரும்பாலும் அதே மாகாணத்துக்குள்ளேயே சுற்றினார். முச்சாமேல், எல்டா, நொவெல்டா என்று நாம் கேள்வியே பட்டிராத சின்னச் சின்ன ஊர்கள். மதுரையில் குடியிருந்துகொண்டு இந்த வருடம் மேலூர் அணி, அடுத்த வருடம் உசிலம்பட்டி அணி, அதற்கடுத்து திருமங்கலம் என்று ஒருவர் பஸ் பிடித்துப் போய்ப் பயிற்சி கொடுத்தால் எப்படி இருக்கும், அதுதான் அவர் பிழைப்பு. அந்த அணிகளின் மேட்சுக்கு டிவி கேமரா ஏது? சம்பளமும் பெரிதாக இருந்திருக்காது. ஆனாலும் ஒரு அணி போனால் அடுத்த அணி கிடைத்தது, அதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

2011ல் எல்சே அணியை லா லிகாவின், அதாவது ஸ்பெயினின் முதல் டிவிஷனின், வாசல் வரைக்கும் கொண்டுபோனார். மேலே ஏறுவதற்கான பிளே-ஆஃப் இறுதிச் சுற்றில் கிரனாடாவோடு இரண்டு மேட்சும் டிரா, வெளியூரில் அடித்த கோல் கணக்கில் கிரனாடா மேலே போய்விட்டது. மறுபடி கீழேயே வேலை. 2015-16 சீசனில் அலாவேஸ் அணியை இரண்டாம் டிவிஷன் சாம்பியனாக்கி லா லிகாவுக்கு ஏற்றிவிட்டார், ஏற்றிவிட்ட கையோடு அந்த கிளப் வேறொருவரைப் பயிற்சியாளராக வைத்துக்கொண்டது. எனக்கு இதைப் படித்தபோது உண்மையிலேயே மனது கஷ்டமாகிவிட்டது. ஒரு மனிதன் 23 வருடம் எதற்காக உழைத்தாரோ அது கைக்கு வந்த அன்றைக்கே போய்விட்டது. வேறு யாராவது என்றால் வெறுத்துப் போயிருப்பார்கள். இவர் அதே வருடம் செப்டம்பரில் ஹெட்டாஃபே போய்ச் சேர்ந்தார்.

ஹெட்டாஃபே மாட்ரிட்டுக்குத் தெற்கே ஒட்டினாற்போல இருக்கும் ஊர். இவர் போன நேரம் அந்த அணி இரண்டாம் டிவிஷன் பட்டியலில் கடைசிக்கு முந்தின இடத்தில் கிடந்தது, மூன்றாம் நிலைக்கு இறங்கிவிடுமோ என்ற பயம். அதே சீசன் முடிவில், 2017 ஜூனில், பிளே-ஆஃபின் முதல் மேட்சில் டெனரிஃபிடம் 1-0 என்று தோற்று, சொந்த ஊரில் நடந்த இரண்டாவது மேட்சை 3-1 என்று ஜெயித்து, மொத்தக் கோல் கணக்கில் லா லிகாவுக்குப் போனது. இந்த முறை அவரையும் வைத்துக்கொண்டார்கள். ஆக லா லிகாவில் முதன்முதலாகப் பயிற்சியாளராக நிற்கும்போது போர்தலாஸுக்கு வயது 53! அந்த முதல் சீசனில் எட்டாவது இடம். 2018-19ல் ஐந்தாவது இடம், 59 புள்ளி. நான்காவதாக வந்த வலென்சியாவுக்கு 61. இன்னும் மூன்று புள்ளி கிடைத்திருந்தால் அந்தச் சின்ன ஊர் அணி ஐரோப்பாவின் பெரிய கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக் ஆடியிருக்கும்.

2020 பிப்ரவரியில், அதற்கு அடுத்த நிலை ஐரோப்பியப் போட்டியான யூரோப்பா லீக்கில், நெதர்லாந்தின் அஜாக்ஸ் அணியையே வெளியேற்றினார்கள். முந்தின வருடம் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை போன அஜாக்ஸ்! சொந்த ஊரில் 2-0, ஆம்ஸ்டர்டாமில் 1-2. ஆம்ஸ்டர்டாமில் அந்த ஒரு கோலை அடித்தவர் ஹைமே மாட்டா. அவரும் கீழ்நிலை அணிகளிலேயே காலம் தள்ளி, 29 வயதில்தான் ஹெட்டாஃபேக்காக முதல் லா லிகா மேட்ச் ஆடினார், 30 வயதில் ஸ்பெயின் தேசிய அணிக்கே ஆடினார். கீழே கிடந்து வந்த பயிற்சியாளருக்குத்தான் கீழே கிடக்கும் ஆட்டக்காரரின் அருமை தெரியும் என்று நான் நினைக்கிறேன்.

அவர் அணி ஆடும் விதம் எல்லோருக்கும் பிடிக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஃபவுல் அதிகம், மஞ்சள் அட்டை அதிகம், எதிரணியை மூச்சு விடாமல் அழுத்துவார்கள், ஜெயித்துக்கொண்டிருந்தால் நேரத்தைக் கடத்துவார்கள். பார்சிலோனா ஆட்டத்தைப் பார்த்து வளர்ந்த நம்ம பையன்கள் இதென்ன ஆட்டம் என்று கேட்பார்கள். எனக்கும் நேரம் கடத்துவது பிடிக்காது. ஆனால் பந்து எதிரணியிடம் போன அடுத்த நொடியே பதினொரு பேரும் சேர்ந்து ஓடுகிறார்களே, அதைச் சொல்லிக் கொடுப்பது சாதாரண வேலையில்லை. 2022ல் வலென்சியாவை ஸ்பெயின் மன்னர் கோப்பை இறுதி வரை அழைத்துப் போய், பெட்டிஸ் அணியிடம் பெனால்ட்டியில் தோற்றார். 2023ல் ஹெட்டாஃபே மறுபடி இறங்கும் நிலைக்கு வந்தபோது அவரைத்தான் திரும்பக் கூப்பிட்டார்கள், சீசனின் கடைசி நாளில் தப்பித்தது.

இவர் ஒருத்தர்தான் இப்படி என்றால் அதிர்ஷ்டம் என்று விட்டுவிடலாம். இன்னொரு ஸ்பெயின் பயிற்சியாளர் உனாய் எமெரியைப் பாருங்கள். ஆட்டக்காரராக அவருக்குப் பெரும்பகுதி இரண்டாம் டிவிஷன்தான். லோர்கா என்ற சின்ன அணியில் ஆடிக்கொண்டிருக்கும்போது முட்டியில் அடிபட்டது, சீசன் நடுவில் பயிற்சியாளர் இடம் காலியானது, நீயே பார்த்துக்கொள் என்று கிளப் தலைவர் சொல்லிவிட்டார். அந்த சீசனிலேயே அணியை இரண்டாம் டிவிஷனுக்கு ஏற்றினார். பிற்பாடு செவில்லாவோடு மூன்று, வில்லாரியலோடு ஒன்று என்று நான்கு யூரோப்பா லீக் கோப்பை.

நம்ம நாட்டுக்கே வந்த ஸ்பெயின் பயிற்சியாளர் மனோலோ மார்க்கேஸும் இதே ரகம்தான். கீழ்நிலை அணிகளில் ஆடியவர், எஸ்பான்யோல் பி, லாஸ் பால்மாஸ் பி என்று இளைஞர் அணிகளை வளர்த்தவர். லாஸ் பால்மாஸ் சீனியர் அணியோடு லா லிகாவில் சில வாரம்தான் இருந்தார். 2020ல் ஹைதராபாத் வந்தார், முந்தின சீசனில் ஐஎஸ்எல் என்கிற இந்திய லீக் பட்டியலில் கடைசியாக வந்த அணி அது. ஆகாஷ் மிஸ்ரா, லிஸ்டன் கொலாசோ மாதிரி இளம் பையன்களை நம்பித் தொடர்ந்து ஆட வைத்தார், 2022 மார்ச்சில் கோவாவில் கேரளா பிளாஸ்டர்ஸைப் பெனால்ட்டியில் ஜெயித்து கோப்பையை வாங்கிக் கொடுத்தார். இந்திய அணிக்குப் பயிற்சியாளரானபோது ஒரே ஒரு வெற்றிதான், மாலத்தீவு அணியோடு, அதை மறைக்க வேண்டியதில்லை. அதற்காக ஹைதராபாத்தில் அவர் வளர்த்துவிட்ட பையன்களை மறந்துவிடக் கூடாது. கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் 2018-19ல் சென்னை சிட்டி அணி ஐ-லீக் என்கிற தேசிய லீக்கை ஜெயித்ததும் ஸ்பெயினின் கீழ்நிலை அணிகளில் ஆடிவிட்டு வந்த நான்கு பேரின் துணையோடுதான், உங்கள் வாசகர்கள் பலருக்கு நினைவிருக்கும்.

ஸ்பெயினில் இது எப்படி நடக்கிறது என்றால், ஏணி கீழே வரைக்கும் இருக்கிறது. இன்றைய கணக்குப்படி முதல் இரண்டு டிவிஷனுக்குக் கீழே 40 அணி, அதற்குக் கீழே 90 அணி, அதற்கும் கீழே 18 பிரிவாக இன்னொரு டிவிஷன், அப்புறம் மாகாண லீக்குகள். ஒவ்வொரு அணிக்கும் பயிற்சியாளர் வேண்டும், அவருக்கு லைசென்ஸ் வேண்டும், அந்த லைசென்ஸ் வகுப்பு அவரவர் மாகாணத்திலேயே நடக்கிறது. முட்டி போன ஆட்டக்காரர் வீட்டுக்குப் போகாமல் வகுப்புக்குப் போகிறார்.

இனி நம்ம ஊர். மாவட்ட லீக்கில் பிரமாதமாக ஆடியவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே, போலீஸ் வேலை கிடைத்தவர்கள் பிழைத்தார்கள். மற்றவர்களுக்கு இருபத்தேழு, இருபத்தெட்டு வயதில் ஏசிஎல் என்கிற முட்டித் தசைநார் கிழியும், ஆபரேஷனுக்குக் காசு இருக்காது, எண்ணெய் கட்டு போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார்கள். எங்கள் பக்கத்தில் ஒருவர் இருக்கிறார், மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் விடியற்காலை லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், ஒரு காலத்தில் நல்ல மிட்ஃபீல்டர். சாயங்காலம் ஆறேழு பையன்களைச் சேர்த்துக்கொண்டு காலி இடத்தில் பந்து சொல்லிக் கொடுக்கிறார். செங்கலைத்தான் கோனாக வைத்திருப்பார். ஒருநாள் நின்று பார்த்தேன். பந்தை வாங்கும் முன்னே பின்னால் ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும் என்பதற்காக, பையனுக்குப் பின்னால் நின்றுகொண்டு கையில் சில விரல்களைக் காட்டுகிறார், பந்து அவன் காலுக்கு வருவதற்குள் அவன் திரும்பிப் பார்த்து எத்தனை விரல் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். சொல்லாமல் பந்தைத் தொட்டால் அது கணக்கில் வராது, மறுபடி முதலிலிருந்து. முட்டி மடங்காததால் அவரால் ஓடிக் காட்ட முடியாது, கையாலும் வாயாலுமே எல்லாம். பெரிய அகாடமிகளில் காசு வாங்கிக்கொண்டு கற்றுத் தருவதை இவர் சும்மா கற்றுத் தருகிறார். ஆனால் ஒரு தனியார் பள்ளியில் பயிற்சியாளர் வேலை கேட்டுப் போனபோது லைசென்ஸ் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பள்ளி கேட்டதில் தப்பில்லை. பிள்ளைகள் விஷயம், தகுதி பார்க்கத்தான் வேண்டும். அந்தத் தகுதியைப் பெற இவருக்கு வழி இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் டி லைசென்ஸ் என்பது பயிற்சியாளர் ஏணியின் கீழ்ப்படிகளில் ஒன்று, அதற்கு மேலேதான் சி, பி, ஏ எல்லாம். அந்த டி வகுப்புக்கு வெளியூர் போக வேண்டும் என்றால் கட்டணம் ஒரு பக்கம், தங்கும் செலவு ஒரு பக்கம், அத்தனை நாள் வண்டி ஓடாத நஷ்டம் இன்னொரு பக்கம். தினக்கூலிக்காரர் எங்கே போவார்? அப்புறம் பாடம் ஆங்கிலத்தில் நடந்தால் பாதிப் பேர் வாயைத் திறக்க மாட்டார்கள், மைதானத்தில் நின்றால் அவர்களுக்குத் தெரியாதது இல்லை.

அதனால் மாவட்டக் கால்பந்துக் கழகத்துக்கும் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கும் உங்கள் நாளிதழ் மூலமாக வைக்கும் கோரிக்கை இதுதான். ரேஸ்கோர்ஸ் மைதானம் இருக்கிறது, அரசரடி ரயில்வே மைதானம் இருக்கிறது. டி லைசென்ஸ் வகுப்பை வருடம் ஒருமுறையாவது மதுரையிலேயே, தமிழிலேயே நடத்த ஏற்பாடு செய்யுங்கள். திண்டுக்கல், தேனி, விருதுநகர், சிவகங்கை ஆட்களும் காலையில் பஸ் ஏறி வந்து ராத்திரி வீடு திரும்பிவிடுவார்கள். மாவட்ட லீக் ஆடியவர் என்று கழகம் சான்று கொடுத்தால் கட்டணத்தில் பாதியையாவது அரசு ஏற்கட்டும். வகுப்பு முடித்தவர்களின் பட்டியலை மாநகராட்சிப் பள்ளிகளுக்கு அனுப்பினால், பி.டி. மாஸ்டர் பணியிடம் காலியாகக் கிடக்கும் பள்ளிகளில் சாயங்கால நேரத்துக்காவது அவர்களைப் பயன்படுத்தலாம்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். மாவட்ட லீக் முடிவுகளைப் போடும்போது கோல் அடித்தவர் பெயரோடு அணியின் பயிற்சியாளர் பெயரையும் ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். அந்தப் பேப்பரை வெட்டி எடுத்துக்கொண்டுதான் அவர் அடுத்த பள்ளிக்கு வேலை கேட்டுப் போவார்.

இப்படிக்கு,
கால்பந்து ரசிகர் ஒருவர்,
அரசரடி, மதுரை.