பற்றைக்காடுகளில் தவறிப்போவோரைத் தேட ராடார் வசதி கோரும் மனு

அரசாங்க அதிபர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
யாழ்ப்பாணம்.

மதிப்பிற்குரிய அரசாங்க அதிபர் அவர்களுக்கு,

நாங்கள் வடமராட்சி கிழக்கில், சுண்டிக்குளம் தேசிய பூங்காவை அண்டிய ஊர்களில் வாழ்கிறோம். மாடு தேடிப் பற்றைக்குள் போகிறவர்கள் சில வேளை வழி தவறிவிடுகிறார்கள். அண்மையில் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் இரவு முழுக்கக் காட்டுக்குள் கிடந்து, மறுநாள் மதியம்தான் அகப்பட்டார். ட்ரோன் பறக்கவிட்டும் பயனில்லை. வெப்பக் கமரா இலைக்கூரையை ஊடுருவாது. அத்தோடு, எங்கள் வெயிலுக்கு மண்ணும் உடம்பும் ஏறத்தாழ ஒரே சூடுதான். ஆட்களை வரிசையாக இறக்கித் தேடலாமென்றால், கண்ணிவெடிப் பயம் இன்னும் முழுதாக விட்டுப்போகவில்லை.

வானொலி அலைகளை அனுப்பி, பட்டுத் திரும்பும் அலைகளைக் கொண்டு அசைவைக் கண்டறிவது ராடார். தரையில் நிறுத்தும் ராடார் இந்த இடத்தில் கைகொடுக்கும். வழமையான 10 கிகாஹேர்ட்ஸ் ராடாரின் அலைநீளம் 3 சென்ரிமீற்றர்தான்; அது இலைகளிலும் கொப்புகளிலும் பட்டுச் சிதறிவிடும். 435 மெகாஹேர்ட்ஸில் அலைநீளம் ஏறத்தாழ 70 சென்ரிமீற்றர் என்பதால் பெருமளவு ஊடுருவிப் போகும். 1968இல் வியட்நாமில் காட்டுக்குள் நடமாடியவர்களைக் கண்டறிய இந்த அலைவரிசையில்தான் ஒரு ராடாரை நிறுத்தினார்கள். அது போருக்காகச் செய்தது. ஆனால் 2015 நேபாள நிலநடுக்கத்தில், இடிபாட்டுக்குள் சிக்கிய நான்கு பேரின் இதயத்துடிப்பை நாசாவின் வேறொரு வகை ராடார் கண்டுபிடித்து, அவர்கள் உயிரோடு மீட்கப்பட்டார்கள்.

குறைகளையும் மறைக்கவில்லை. சோளகம் வீசும்போது ஆடும் கொப்பும் நடக்கும் ஆளும் ராடாருக்கு ஒன்றுபோலத் தெரியலாம். மயங்கிக் கிடப்பவரிடம் மூச்சின் அசைவு மட்டுமே இருக்கும். அதைப் பிடிக்க மிகக் கிட்டப் போகவேண்டும். மாடு எது, மனிதர் எது என்பதையும் பிரித்தறிய வேண்டும். அதனால்தான் உடனே இயந்திரம் வாங்கச் சொல்லாமல், முதலில் எங்கள் பற்றையிலேயே ஒரு பரிசோதனை நடத்தும்படி கேட்கிறோம். கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தின் உதவியைத் தாங்கள் நாடலாம். அலைவரிசை அனுமதிக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்குத் தங்கள் கடிதம் தேவைப்படும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறோம். கண்காணிப்புக்குள் வாழ்ந்து களைத்த மக்கள் நாங்கள். இந்தக் கருவி மாவட்ட அனர்த்த முகாமைத்துவப் பிரிவின் கையில்தான் இருக்கவேண்டும். ஆளைக் காணவில்லை என்று முறைப்பாடு வந்த பிறகே அதை இயக்கவேண்டும். தேடல் முடிந்ததும் பதிவுகளை அழித்துவிடவேண்டும். இதை எழுத்தில் உறுதிப்படுத்தித் தாருங்கள்.

பரிசோதனைக்கு வழி காட்டவும், பற்றைக்குள் நடந்து காட்டவும் எங்கள் இளைஞர்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள். மாரி தொடங்குமுன் மருதங்கேணிப் பிரதேச செயலகத்தில் ஒரு கலந்துரையாடலுக்கு நாள் குறித்துத் தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
வடமராட்சி கிழக்கு ஊர்மக்கள்