பத்தடி வேண்டாம், சேகர்

கோவில்பட்டி
ஞாயிறு இரவு

அன்புள்ள சேகர்,

பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் போடவில்லை. திட்டு, ஆனால் முழுவதும் படித்துவிட்டுத் திட்டு. வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. சின்னவள் பிளஸ் டூ போய்விட்டாள்.

சொல்ல வந்தது இதுதான்: பிரின்டர் வாங்கப் போகிறேன். வெள்ளிக்கிழமை முன்பணம் கட்ட வேண்டும். நீ சொன்ன பத்தடி அகல பிளெக்ஸ் பேனர் மிஷின் இல்லை, நெடி குறைந்த மையில் ஓடும் ஐந்தடி ஈகோ சால்வென்ட். உடனே போனை எடுத்துக் கத்தாதே.

போன மாதம் ஒரு பல் மருத்துவமனைக்கு வினைல் பலகை செய்தேன். வழக்கம்போல வெளியில் அடித்து வாங்கியதுதான். அடித்த கையோடு லேமினேஷன் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். மையிலிருக்கும் கரைப்பான் ஆவியாகி வெளியேற ஒரு நாளாவது விட வேண்டும் என்பது உனக்குத் தெரியாததா? பத்தே நாளில் ஓரமெல்லாம் சுருண்டு, டாக்டரின் பெயர் மேல் அம்மை போட்டதுபோலக் கொப்புளம். என் செலவில் திரும்பச் செய்தேன். பணத்தைவிட, அந்த டாக்டரம்மா ஒரு வார்த்தையும் சொல்லாமல் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

உன் கடைக்குப் பத்தடி சரி. இருபது முப்பது அடி தூரத்திலிருந்து பார்க்கும் வேலை உனக்கு. என்னிடம் வருவது கதவு எழுத்து, கண்ணாடி ஸ்டிக்கர், கடைப் பெயர்ப்பலகை. மூக்கை ஒட்டி நின்று படிப்பார்கள். தமிழ் 5 பங்கு, ஆங்கிலம் 3, பிற மொழி 2 என்ற அளவில் பலகை வைக்க அரசு சொல்வதால் பழையதை மாற்ற வருகிறவர்களும் இப்போது அதிகம். போதாததற்கு, அந்தப் பத்தடி மிஷினின் சால்வென்ட் மை நெடியை மாடியில் படுத்திருக்கும் அம்மா எப்படித் தாங்குவார்கள்? ஈகோ சால்வென்டுக்கும் புகைபோக்கி விசிறி வைக்கத்தான் போகிறேன்.

மதுரையில் நான்கு இடத்தில் டெமோ பார்த்தேன். எல்லோரும் கிளிப் படத்தையும் ரோஜாப் படத்தையும் அடித்துக் காட்டுகிறார்கள். கிளி எந்த மிஷினிலும் அழகாகத்தான் வரும்! நான் என் ஃபைலைக் கொண்டுபோனேன்: மூன்று மில்லிமீட்டர் உயரத்தில் 'ஸ்ரீ', ஒரு சாம்பல் பட்டை, ஒரு கருநீலக் கட்டம். முதல் மிஷினில் 'ஸ்ரீ'யின் சுழி அடைத்துக்கொண்டது. சாம்பல் பட்டை பச்சையாகச் சாய்ந்தது. கருநீலத்தில் சீப்பு வாரியதுபோலக் கோடு. மை தெறிக்கும் நுண்துளைகளான நாசில்கள் அடைத்திருக்கிறதா என்று காட்டும் சோதனைத் தாள் கேட்டேன். படிக்கட்டுபோல வரும் அந்தச் சின்னக் கோடுகளில் மெஜந்தாவில் மூன்று இல்லை. இரண்டு முறை அந்த நாசில்கள் இருக்கும் ஹெட்டைச் சுத்தம் செய்தும் ஒன்று வரவே இல்லை. ஷோரூமில் நிற்கும்போதே இந்தக் கதி!

அது எக்ஸ்பி 600 ஹெட். மேசை பிரின்டருக்குப் பிறந்தது, விலை குறைவு, அடிக்கடி மாற்ற வேண்டும். நான் முடிவு செய்திருப்பது ஐ3200 ஹெட். இந்த மாதிரி மிஷினுக்கென்றே எப்சன் செய்வது, 3200 நாசில். ரோலண்ட், மிமாகி கம்பெனி மிஷின்கள் இரண்டும் அடித்துக் காட்டியதைப் பார்த்து அசந்துபோனேன். அடித்துவிட்டு அதுவே வெட்டியும் தருகிறது. ஆனால் ஸ்டிக்கர் வெட்டும் கட்டிங் பிளாட்டர்தான் என்னிடம் இருக்கிறதே, விலையும் எட்டாது. ஹெச்பி லேடெக்ஸில் தாள் காய்ந்தே வெளியே வருகிறது, அன்றைக்கே லேமினேட் செய்யலாம். ஆசையாகத்தான் இருந்தது. சூடேற்ற அது இழுக்கும் கரண்டைக் கேட்டதும் திரும்பிவிட்டேன்.

ஒரு விஷயம், உன் பையனிடம் சொல்லிவை. அவர்கள் கம்ப்யூட்டரில் என் ஃபைலைத் திறந்தபோது 'கொ'வின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. எழுத்தை கர்வ் ஆக, அதாவது ஃபான்ட் தேவைப்படாத கோட்டு வடிவமாக, மாற்றாமல் எங்கேயும் அனுப்ப வேண்டாம்.

அண்ணாச்சியின் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் நினைவிருக்கிறதா? நாற்பது வருடம் இந்த ஊருக்கே எழுத்துப் போட்ட மனிதரின் பெயரை, இடம் நிரப்புவதற்காகப் பக்கவாட்டில் இழுத்துவிட்டிருந்தார்கள். நீயும் நானும் அதற்கு அடியில்தான் நின்றோம். ஒரு 'ல' கோணினால் பலகையையே துடைக்கச் சொன்னவர். அன்றிலிருந்து எனக்கு எழுத்து என் கண் முன்னால் அச்சாக வேண்டும் என்றே இருக்கிறது.

பயமும் இருக்கிறது. செல்வியின் நகையை அடகு வைக்கிறேன், அவளே எடுத்துக் கொடுத்தாள். தினமும் கொஞ்சமாவது ஓட்டாவிட்டால் ஹெட்டில் மை காய்ந்துவிடும். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற நாட்களில் யார் ஓட்டுவது? செல்வி கற்றுக்கொள்கிறேன் என்கிறாள்.

எர்த்திங் எப்படிப் போட்டாய், யூபிஎஸ் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று வியாழக்கிழமைக்குள் எழுது. மிஷின் இறக்கும் அன்று நீ இங்கே இருக்க வேண்டும். வரும்போது அண்ணாச்சி எழுத்துப் போடும்போது கை ஊன்றிக்கொள்ளும் கைத்தாங்கல் குச்சியைக் கொண்டுவா, அது உன்னிடம்தான் இருக்கிறது.

உன்,
பாண்டி