முதல் மிதியில் இறங்கும் பெடல்

அன்புள்ள மகனுக்கு,

நீ போன் எடுக்கும்போதெல்லாம் அப்பா “கார் நல்லா ஓடுது” என்று சொல்லி முடித்துவிடுகிறார். ஓடுவதில் குறையே இல்லை, நிற்பதில்தான் பிரச்சினை இருந்தது. நீயும் ரொறன்ரோவில் ஒரு பழைய கார் பார்ப்பதாகச் சொன்னாய், அதனால் விவரமாக எழுதுகிறேன்.

2020 மார்ச்சில் இங்கே இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில் திறந்தும் புதிதின் விலை எங்களுக்கு எட்டவில்லை. அதுதான் பழையது வாங்கினோம்.

பரந்தன், கிளிநொச்சி போய்வர ஒன்றும் இல்லை. வவுனியாவுக்குப் போனால் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் எல்லா வாகனங்களையும் போல நினைத்த இடத்தில் நிற்கும். அது பிள்ளையாரின் அருள் என்பது அப்பாவின் கட்சி. ஆனால் விசுவமடுவில் திரும்பி, கிறவல் றோட்டில் குலுங்கி வந்து, படலையடியில் பிரேக்கை மிதித்தால் சில நாட்களில் பெடல் பாதிக்குக் கீழே போய்விடும். நெஞ்சு திக்கென்று மறுபடி மிதித்தால் மேலேயே இறுக்கமாக நிற்கும். அப்பா ஓட்டினாலும் நான் ஓட்டினாலும் இதே கதைதான். காரை ஓரங்கட்டிவிட்டு பஸ்ஸில் திரிந்தோம்.

முதலில் காட்டிய கராஜில் ஏ9 வீதியில் ஓட்டிப் பார்த்துவிட்டு “ஒன்றுமில்லையே” என்றார்கள். பிரேக் ஒயில் குறையவில்லை, ஒழுக்கும் இல்லை. பிறகு, பெடலை மிதிக்க ஒயிலைத் தள்ளும் மாஸ்டர் பம்தான் பழுது என்று சொல்லி மாற்றினார்கள், பிரேக் குழாயில் இருந்த காற்றும் எடுத்தார்கள். காசு போனது, குறை போகவில்லை.

எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. மாஸ்டர் பம்மின் உள் ரப்பர் தேய்ந்தால், எஞ்சின் ஓடும்போது காலை மெதுவாக அழுத்தி வைத்திருக்க பெடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழும். முற்றத்தில் வைத்துப் பார்த்தேன், அப்படித் தாழவே இல்லை. குழாயில் காற்று நின்றால் எந்த றோட்டிலும் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். மிதிப்பதை இலேசாக்கும் பூஸ்டர் பழுதென்றால் பெடல் தாழாது, கல்லாக இறுகும். எஞ்சினை நிறுத்திவிட்டு நாலைந்து தரம் மிதித்து, காலை எடுக்காமல் ஸ்டார்ட் பண்ணினால் பெடல் சற்றே இறங்க வேண்டும். எங்களுடையது ஒழுங்காக இறங்கியது. பழைய ஒயில் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும் என்கிறார்கள், அதுவும் உண்மைதான். டொட் 3 என்ற வகை பிரேக் ஒயில் புதிதில் 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், ஈரம் ஏறினால் அந்த வரம்பு 140 பாகைக்கு இறங்கிவிடும். ஆனால் பிரேக்கை அப்படிச் சூடாக்க வன்னியில் மலை எங்கே இருக்கிறது?

பெடல் இறங்கியபோதெல்லாம் ஒரு கொப்பியில் எந்த றோட்டு, மழையா வெயிலா, எத்தனை பேர் ஏறியிருந்தோம் என்று குறித்து வைத்திருந்தேன். மழை, ஆட்கள் எல்லாம் மாறி மாறி வந்தன. கிறவல் மட்டும் மாறவே இல்லை. ஒவ்வொரு தரமும் கிறவலைக் கடந்த பிறகு வரும் முதல் மிதி.

அந்தக் கொப்பியை லொறி திருத்தும் ஒரு வயதான ஐயாவிடம் காட்டினேன். வாசித்துவிட்டு நேரே இடது முன்சில்லை ஜக் அடித்து உயர்த்தினார். மேலும் கீழும் பிடித்து ஆட்ட ‘டக் டக்’ என்றது. என் கையையும் வைத்துப் பார்க்கச் சொன்னார், உள்ளங்கையில் அடிப்பது தெரிந்தது. பிறகு அப்பாவை ஏறி பிரேக்கை அழுத்திக்கொண்டு இருக்கச் சொன்னார். ஆட்டம் நின்றுவிட்டது. “சில்லு பெயாரிங். சில்லு திரும்ப இடங்கொடுக்கும் மூட்டு, போல் ஜொயின்ட் என்றால் பிரேக் பிடித்தாலும் ஆடும்.”

சில்லைச் சுழலவிடும் பெயாரிங் தளர்ந்தால் பள்ளத்தில் சில்லோடு சுற்றும் டிஸ்க் தட்டும் ஆடி, அதை நெரித்துப் பிடிக்கும் பிரேக் பாட்டைப் பின்னுக்குத் தள்ளிவிடும். தள்ளுவது மயிரிழை தூரம்தான். அதை மீட்டுக் கொண்டுவரவே முதல் மிதி செலவாகிவிடும், இரண்டாவதுதான் பிடிக்கும். சமமான றோட்டில் டிஸ்க் அவ்வளவு ஆடாது, அதனால்தான் ஏ9இல் ஓட்டியவர்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வெள்ளத்தில் ஓடி, பெயாரிங்கை மூடியிருக்கும் சீலுக்குள் தண்ணீர் போயிருக்கலாம் என்றார் ஐயா. வேகத்தில் ஒரு இரைச்சலும் இருந்தது, வலப்பக்கம் வளையும்போது கூடும். அப்பா அதை ரயர் சத்தம் என்று றேடியோவைக் கூட்டிவிடுவார்.

நீ பார்க்கும் காரைப் பள்ளம் விழுந்த தெருவிலும் ஓட்டிப் பார், றேடியோவை நிறுத்திவிட்டு. சில்லைத் தூக்கி ஆட்டச் சொல். அங்கே பனிக்கு உப்புப் போடுவார்கள், இரும்பு பிரேக் குழாய் துருப்பிடிக்கும். அடியில் டோர்ச் அடித்துப் பார்க்காமல் கைக்காசு கொடுத்துவிடாதே.

பெயாரிங்கும் சீலும் மாற்றியாயிற்று. எள்ளு விற்ற காசு இருந்தது, நீ அனுப்ப வேண்டாம். அப்புறம், தேவையில்லாமல் மாற்றிய மாஸ்டர் பம்முக்குக் காசு திருப்பிக் கேட்கப் போகிறேன் என்று அப்பா முறுக்கிக்கொண்டு நிற்கிறார். ஞாயிறு போன் எடுத்து, தனியே போக வேண்டாம், அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கோ என்று சொல்.

அன்புடன்,
அம்மா