பொங்கல் மேடையில் ராப் பாடினால் என்ன? மும்பைத் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மும்பையில் பொங்கல் விழா நடத்தும் தமிழ்ச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும், அந்த மேடைகளுக்காக ராப்பகலாக உழைக்கும் அண்ணாச்சிமாருக்கும் வணக்கம்.

இந்தத் தடவையும் தாராவிப் பையன்களின் ராப் குழு ஒன்றுக்கு மேடை கிடைக்கவில்லை. எந்தச் சங்கம் என்று நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் பேச்சு சங்கச் சண்டையாகிவிடும். பையன்களிடம் சொன்ன காரணம் ஒன்றுதான்: "இது நம்ம பண்பாடு இல்லப்பா."

சரி, நம் பண்பாடு என்று எதை மேடையேற்றுகிறோம்? குத்துவிளக்கு ஏற்றியதும் பரதநாட்டியம். சதிர் என்ற பழைய பெயரில் இருந்த அந்த ஆட்டம் குடும்பப் பெண்களுக்கு ஆகாது என்றிருந்த காலத்தில், 1935இல் ருக்மிணி தேவி அடையாற்றில் ஆடியபோது முகம் சுளித்தவர்கள் நிறைய. (அந்தக் கலையைத் தலைமுறைகளாகக் காத்த பெண்கள் அதே காலத்தில் மேடையிலிருந்து ஒதுக்கப்பட்டதை நாம் வசதியாக மறந்துவிட்டோம்.) அடுத்து பறை. சாவு வீட்டோடும் சாதியோடும் கட்டிப்போடப்பட்டிருந்த கருவி அது. தலித் கலைஞர்கள் பிடிவாதமாக அதை மேடைக்குக் கொண்டுவராவிட்டால் இன்று நம் தலைவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள முடியுமா? தமிழிசையும் அப்படித்தான். சென்னை சபாக்களில் தெலுங்குக் கீர்த்தனைகள் முடிந்த பிறகு கடைசியில் பாடும் துக்கடாவாகத் தமிழ்ப் பாட்டு இருந்தது. அதை மாற்றத்தான் 1943இல் தமிழ் இசைச் சங்கம் வந்தது. அதற்கும் அன்றைய வித்துவான்களில் பலர் எதிர்ப்புதான்.

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. பிரேசிலில் 1967 ஜூலையில் பாடகர்கள் கூடி ஊர்வலம் போனார்கள். ராணுவ ஆட்சி நடந்துகொண்டிருந்த நாடு அது, ஆனால் அந்த ஊர்வலம் எலக்ட்ரிக் கிதாருக்கு எதிராக! அமெரிக்கக் கருவி வந்து தேசத்தின் இசையைக் கெடுக்கிறதாம். அதில் நடந்தவர்களில் ஜில்பெர்ட்டோ ஜில் என்ற இளைஞரும் ஒருவர். வேடிக்கை என்னவென்றால், மூன்றே மாதத்தில் அதே ஜில் எலக்ட்ரிக் கிதார் குழுவோடு விழா மேடையில் நின்று பாடினார். அவரும் கயெத்தானோ வெலோசோவும் சேர்ந்து உள்ளூர்த் தாளத்தையும் ராக்கையும் கலந்து ஒரு புது இசையை உண்டாக்கினார்கள். இடதுசாரி மாணவர்கள் கூச்சல் போட்டார்கள். ராணுவம் 1968 டிசம்பரில் இருவரையும் பிடித்து உள்ளே வைத்து, பிறகு லண்டனுக்கு விரட்டியது. 2003இல் ஜில் அந்த நாட்டின் பண்பாட்டு அமைச்சர் ஆனார். கெடுக்க வந்தவன் என்று யாரைச் சொன்னார்களோ, அவர் கையிலேயே பண்பாட்டுத் துறை.

ராப் அமெரிக்கச் சரக்கு என்கிறீர்கள். அது பிறந்த இடத்தையும் கொஞ்சம் பாருங்கள். வீட்டுச் சொந்தக்காரர்களே காப்பீட்டுப் பணத்துக்காகக் கட்டடங்களைக் கொளுத்திய காலத்து நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதி. ஜமைக்காவிலிருந்து பிழைக்க வந்த குடும்பத்துப் பையன் கூல் ஹெர்க், பதினெட்டு வயதில், 1973 ஆகஸ்டில் குடியிருப்பின் பொது அறையில் பாட்டுப் போட்டான். ராப்பை ஈன்ற ஹிப்ஹாப்பின் தொடக்கமாக அந்த இரவைத்தான் சொல்கிறார்கள். தோல் பதனிடும் வேலைக்காக நெல்லைச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்தப் பையன் எப்படி அந்நியன் ஆவான்? இந்த மும்பையிலேயே 1972இல் கவிஞர் நாம்தேவ் தசால் போன்றவர்கள் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பிளாக் பாந்தர் கட்சியைப் பார்த்துத்தான் தலித் பாந்தர் இயக்கத்தைத் தொடங்கினார்கள். தசாலின் மராத்திக் கவிதை கொச்சை என்று பேசப்பட்டது. 1999இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

இன்னொன்று. இந்தப் பையன்கள் படித்தது ஆங்கிலத்திலோ இந்தியிலோதான். பலருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. பாட்டை மொபைலில் ஆங்கில எழுத்தில் அடித்து வைத்துக்கொள்கிறார்கள், எதுகை கிடைக்காவிட்டால் ஆச்சியிடம் போய்க் கேட்கிறார்கள். நாம் கோடை விடுமுறையில் நடத்தும் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளை அதட்டிக் கூட்டிவர வேண்டியிருக்கிறது. இவர்களை யாரும் அதட்டவில்லை.

குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. சில பாட்டுகளில் பெண்களைப் பற்றி வரும் வார்த்தைகள் எனக்கும் அருவருப்பாக இருக்கின்றன, அவர்களிடமே சொல்லியிருக்கிறேன். குழுவில் ஒரு பெண் பிள்ளைகூட இல்லையே என்றும் கேட்டேன், பதில் வரவில்லை. ஆனால் சினிமாக் குத்துப்பாட்டுக்கு ஏழு வயதுக் குழந்தை இடுப்பை ஆட்டும்போது முன்வரிசையில் கைதட்டும் நாம் ஆபாசத்தைக் காரணம் காட்ட முடியாது.

உண்மைக் காரணம் வேறு என்று எனக்குச் சந்தேகம். பையன்கள் தாராவிக் குடிசைகளை இடித்துப் புதிதாகக் கட்டும் மறுமேம்பாட்டுத் திட்டத்தைப் பற்றிப் பாடுகிறார்கள். 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருந்ததாகக் காகிதம் காட்டினால் தாராவிக்குள் வீடு, இல்லாவிட்டால் வேறெங்கோ என்ற கணக்கைக் கிண்டல் செய்கிறார்கள். மேடையில் கட்சிக்காரர்களும் விழாச் செலவைக் கொடுத்தவர்களும் உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் சங்கடம் புரிகிறது. அப்படியென்றால் அதையே நேராகச் சொல்லிவிடுங்கள் அண்ணாச்சி, பண்பாட்டின் தலையில் கட்டாதீர்கள்.

நான் கேட்பது இருபது நிமிடம். "திருக்குறளை ராப்பாகப் பாடு, இடம் தருகிறோம்" என்ற பேரம் வேண்டாம், அவர்கள் எழுதியதை அவர்கள் பாடட்டும். நிரல் அச்சுக்குப் போகும் முன் ஒருநாள் கூப்பிட்டுப் பேசுங்கள். அப்புறம், சிறப்பு விருந்தினர் பேச்சுக்குப் பின்னால் போடாதீர்கள். அவர் பேசி முடிக்கவே மணி பத்தாகிவிடும், போலீஸ் வந்து மைக்கை நிறுத்தச் சொல்லும். ஏழரை மணிக்குப் போடுங்கள்.

இப்படிக்கு,
சந்தா பாக்கி இல்லாத உறுப்பினர் ஒருவர்,
தாராவி