மூடி வைத்த வாளி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மட்கிய உரத்தைத் தண்ணீரில் ஊற வைத்து நீ செய்த கம்போஸ்ட் டீ, வாளி நிறையக் கறுத்த தண்ணீராக, மேலே சாம்பல் நிறத்தில் ஒரு ஆடை. கீழே நீ எழுதியிருந்தது: "மூணு நாள் மூடி வச்சிருந்தேன்ப்பா. திறந்தா குடலைப் பிடுங்குது. செடிக்கு ஊத்தலாமா?"

ஊற்றாதே. மட்கிக்கொண்டிருக்கும் குவியல் இருந்தால் அதன் மேல் கொட்டிக் கிளறிவிடு. இல்லையென்றால் செடி எதுவும் இல்லாத மண்ணில் குழி பறித்துக் கொட்டி மூடிவிடு. வாளியைச் சோப்புப் போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்து வை. கையை நன்றாகக் கழுவு. அதுவரை உன் குட்டிப் பெண் அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்.

இனி நிதானமாக எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும்.

கம்போஸ்ட் டீ என்ற பெயரைக் கேட்டதும் பலரும் உரத்தின் சத்தைத் தண்ணீரில் இறக்கும் வேலை என்று நினைத்துவிடுகிறார்கள். கொஞ்சம் சத்தும் இறங்கும்தான். ஆனால் தழைச்சத்து, மணிச்சத்து என்று கணக்குப் பார்த்தால் அது மிகவும் நீர்த்த கரைசல். நாம் உண்மையில் தேடுவது மட்கில் குடியிருக்கும் உயிர்களை. பாக்டீரியா, பூஞ்சை, அவற்றைத் தின்று வாழும் ஓரணு உயிர்கள் எல்லாம் மட்குத் துகள்களில் பசை போட்டதுபோல் ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீரும் காற்றுக் குமிழியும் அவற்றை உலுக்கிப் பிரித்துவிடும். பிரிந்தவை ஒரு நாள் தண்ணீரில் பெருகும். அவ்வளவு உயிர் இருக்கும் இடத்தில் மூச்சுக்குக் காற்று வேண்டாமா? நீ மூடியை இறுக்கி வைத்ததும் உள்ளே இருந்த பிராணவாயுவை அவை முதலில் தீர்த்துவிட்டன. அப்புறம் காற்றே தேவைப்படாத கூட்டம் வாளியைப் பிடித்துக்கொண்டது. அழுகிய முட்டை நாற்றம் அடித்தது என்றாயே, அது ஹைட்ரஜன் சல்பைடு. அதோடு கரிம அமிலங்களும் சேர்ந்திருக்கும். இளம் வேருக்கு அவை ஆகாது.

காற்று ஏற்றாமல் ஊற வைக்கும் முறையும் உண்டு, பழைய முறை அது. தப்பென்று சொல்லமாட்டேன். ஆனால் உன் வீட்டில் அது வேண்டாம். ஏன் என்று பின்னால் எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முதலில் மட்கு. வாளியில் மட்கின் குணம்தான் பெருகும், இல்லாத நல்லது அங்கே புதிதாகப் பிறக்காது. குவியல் 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகி நிற்க வேண்டும். அமெரிக்காவின் இயற்கை வேளாண் விதிகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன: வரப்புபோல் நீளமாகப் போட்ட குவியலானால் 15 நாள் அந்தச் சூடு இருக்க வேண்டும், அதற்குள் ஐந்து முறையாவது புரட்டிப்போட வேண்டும். நோய்க்கிருமிகளை ஒடுக்குவது அந்தச் சூடுதான். ஆனால் நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மீட்டராவது இல்லாவிட்டால் குவியல் அந்த அளவுக்குச் சூடாவது கடினம். உன் பால்கனித் தொட்டி அதில் கால்வாசிகூட இல்லை. ஆகவே உன் மட்கு மெதுவாக, சூடேறாமல் மட்கியது என்றே வைத்துக்கொள். அதனால் அதில் சாணம், கோழி எச்சம், இறைச்சிக் கழிவு எதுவும் எப்போதும் விழக்கூடாது. காய்கறித் தோல், காய்ந்த இலை, கிழித்த அட்டை, இவை போதும்.

மட்கு முடிந்ததா என்று பார்க்க நான் செய்வதைச் சொல்கிறேன். ஒரு கைப்பிடி எடுத்து விரலால் உதிர்த்துப் பார்ப்பேன். இது தோல், இது காம்பு என்று எதையும் அடையாளம் காண முடியக்கூடாது. அப்புறம் கொஞ்சம் ஈரப்படுத்தி ஒரு கவரில் போட்டுக் காற்றுப் புகாமல் கட்டி ஒரு வாரம் வைப்பேன். அவிழ்க்கும்போது புளிப்போ மூக்கை அரிக்கும் அமோனியா நெடியோ வந்தால் அது இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். மறுபடி தொட்டிக்கே போய்விடும். மண்புழுத் தொட்டிக்கு அடியில் சொட்டும் கறுப்பு நீரையும் சிலர் இதே பெயரில் சொல்கிறார்கள். அது பாதி மட்கியதிலிருந்து வடிந்த கசிவு, இந்தக் கணக்கில் சேராது.

தண்ணீரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஒரு நாள் திறந்து வை, போய்விடும். குளோரமின் கலந்த தண்ணீர் என்றால் வைத்திருந்தாலும் எளிதில் போகாது. அதற்குச் சிட்டிகை அஸ்கார்பிக் அமிலம், அதாவது வைட்டமின் சி தூள், போட்டால் சரியாகும்.

இப்போது காற்று. மீன் தொட்டிக்கு வைக்கும் ஏர் பம்ப் போதும், ஆனால் சின்னதிலும் சின்னது வேண்டாம். 15 லிட்டர் தண்ணீர், அதற்கு அரைக் கிலோ மட்கு. மட்கை வலைப் பையில் கட்டித் தொங்கவிடு. துணி நெருக்கமான நெசவாக இருந்தால் பூஞ்சை இழைகள் வெளியே வராது. பம்புக் குழாயின் முனையில் மாட்டும் துளைகள் உள்ள காற்றுக் கல் வாளியின் அடியைத் தொட வேண்டும். பம்ப் ஓடும்போது மேல்பரப்பு முழுவதும் உலை கொதிப்பதுபோல் புரள வேண்டும். ஒரு ஓரத்தில் மட்டும் குமிழி வந்துகொண்டு மறுபக்கம் அசையாமல் கிடந்தால் காற்று போதவில்லை. பம்பை வாளியின் விளிம்புக்கு மேலே ஒரு பலகையில் வை. கீழே இருந்தால், கரண்ட் போகும்போது தண்ணீர் குழாய் வழியே பின்னோக்கி வந்து பம்புக்குள் இறங்கிவிடும், மின்சாரத்தோடு விளையாட்டு வேண்டாம்.

வெயில் காலத்தில் இன்னும் கவனம். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைப் பிடித்துக்கொள்ளும். 30 டிகிரியில் ஏழரைதான். அதே சூட்டில் உயிர்கள் வேகமாகப் பெருகி வேகமாக மூச்சும் விடும். வரவு குறைய, செலவு ஏற என்று ஆகிவிடும். அதனால் வாளியை நிழலில் வைத்து 24 மணி நேரத்தில் முடித்துவிடு. குளிர் நாளில் 36 மணி வரை போகலாம். பம்பை நிறுத்திய பின் நாலு மணி நேரத்துக்குள் ஊற்றிவிட வேண்டும். பாட்டிலில் அடைத்து நாளைக்கு என்று எடுத்து வைக்கும் பொருள் இது இல்லை.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். நீ வீட்டை விட்டுப் போன அடுத்த வருஷம், ஒரு ராத்திரி கரண்ட் போய் விடியும்போதுதான் வந்தது. நான் எழுந்தபோது பம்ப் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் வாளியிலிருந்து புளித்த வாடை. ஒரு நாள் வேலை வீணாகிறதே என்று மனசு கேட்கவில்லை. அம்மா விதை போட்டுத் தினமும் பூத்தெளிப்பானால் நனைத்து வளர்த்த நாற்றுகள் இரண்டு தட்டு இருந்தன. அதில் ஊற்றினேன். நாலாம் நாள் காலையில் ஒவ்வொரு நாற்றும் மண்ணோடு சேரும் இடத்தில் நூலாக மெலிந்து ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. தட்டுகளைக் கழுவித் துடைத்து அலமாரியில் அடுக்கினாள். அந்தப் பருவம் முழுக்க அவள் விதை போடவே இல்லை. அன்றிலிருந்து வாடை சரியில்லை என்றால் ஒரு சொட்டுகூட நான் செடிக்கு விட்டதில்லை.

அடுத்தது வெல்லப்பாகு. நீ ஒரு கரண்டி போட்டதாக எழுதியிருக்கிறாய். எல்லாரும் போடச் சொல்கிறார்கள், நானும் வெகுகாலம் போட்டுக்கொண்டிருந்தேன். இனிப்பு விழுந்ததும் பாக்டீரியா மளமளவென்று பெருகும், நுரை பொங்கும், பார்க்க நிறைவாக இருக்கும். ஆனால் அந்த இனிப்புக்கு நல்லது கெட்டது தெரியாது. மட்கில் ஈ.கோலை, சால்மோனெல்லா போன்றவை கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் அவையும் சேர்ந்து பெருகும். காற்று ஏற்றுகிறோமே, கெட்டது எப்படி வளரும் என்று கேட்பாய். இந்த இரண்டும் காற்று இருந்தாலும் வாழும், இல்லாவிட்டாலும் வாழும். தோதான சூழலில் ஈ.கோலை 20 நிமிஷத்துக்கு ஒரு முறை இரட்டிக்கும். குமிழி வந்தால் ஆபத்தில்லை என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது.

2004-இல் அமெரிக்காவின் தேசிய இயற்கைத் தரநிலை வாரியம் அமைத்த குழு இதையேதான் ஆராய்ந்தது. சரியாகச் சூடேறிய மட்கு, குடிக்கத் தகுந்த தண்ணீர், சுத்தமான பாத்திரம், வேறு எதுவும் சேர்க்காத கரைசல் என்றால் தடையில்லை என்றது. இனிப்பு போன்ற தீவனம் சேர்த்தால் கிருமிச் சோதனை செய்ய வேண்டும். செய்யாவிட்டால் பச்சைச் சாணத்துக்கு உள்ள விதிதான் இதற்கும்: மண்ணைத் தொடாத காயானால் அறுவடைக்கு 90 நாள் முன்பும், மண்ணைத் தொடும் விளைச்சலானால் 120 நாள் முன்பும் நிறுத்திவிட வேண்டும் என்று பரிந்துரைத்தது.

உன் வீட்டில் யார் கிருமிச் சோதனை செய்வது? குட்டி விடிந்ததும் பால்கனிக்கு ஓடி, சின்னத் தக்காளியைப் பறித்துச் சட்டையில் துடைத்து அப்படியே வாயில் போடுகிறாள் என்று நீ ஆசையோடு எழுதியிருந்தாய். அதைப் படித்து எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்தக் கை, அந்தச் சட்டை, அந்தப் பழம் மூன்றும் உன் வாளியோடு தொடர்புள்ளவை. அதற்காகத்தான் மூடி ஊற வைக்கும் முறையும் வேண்டாம், வெல்லப்பாகும் வேண்டாம் என்கிறேன். உன் மட்கு சூடேறாதது என்பதால் தீவனம் இல்லாமல் தயாரித்தாலும் வேருக்கு மட்டும் ஊற்று, இலையில் தெளிக்காதே. பச்சையாகத் தின்னும் கீரை, புதினா இருக்கும் தொட்டிக்கு வேண்டவே வேண்டாம். தக்காளியில் காய் பிடித்ததும் அந்தச் செடிக்கும் நிறுத்திவிடு. பூச்செடிக்கும் கறிவேப்பிலைக்கும் அழகுக்கு வளர்க்கும் இலைச் செடிக்கும் தாராளமாக ஊற்றலாம். அதுவும் மாலையில், ஏற்கெனவே ஈரமாக இருக்கும் மண்ணில். காய்ந்த மண்ணில் விட்டால் தொட்டி ஓரமாக வழிந்து ஓடிவிடும்.

நோய் வராமல் தடுக்கும், பூச்சி அண்டாது என்றெல்லாம் சொல்வதை நம்பிப் பெரிய ஆசை வைக்காதே. ஆராய்ச்சிகளின் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. சில இடத்தில் பலன், பல இடத்தில் வெறும் தண்ணீருக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. நான் என் அளவில் ஒன்று செய்து பார்த்தேன். ஒரே நாளில் நட்ட ஒன்பது மிளகாய்த் தொட்டி. மூன்றுக்கு வெறும் தண்ணீர், மூன்றுக்கு இந்தக் கரைசல், மூன்றுக்கு மேல்மண்ணில் இரண்டு கை மட்கு தூவி வெறும் தண்ணீர். இரண்டு மாசம் ஆனதும் கரைசல் விட்டவை வெறும் தண்ணீர்த் தொட்டிகளைவிடக் கொஞ்சம் பச்சையாக இருந்தன. மட்கு தூவியவை இரண்டையும் தாண்டி நின்றன. வெயில் உச்சியிலும் அவற்றின் மண் விரலில் ஈரமாகப் பட்டது. அதனால் என் தீர்ப்பு இதுதான்: கையில் மட்கு தாராளமாக இருந்தால் முதலில் தொட்டிக்கு நேராகப் போடு. கொஞ்சமே இருந்து தொட்டிகள் நிறைய இருந்தால், அந்தக் கொஞ்சத்தை எல்லாத் தொட்டிக்கும் பரப்ப வாளியைத் தேடு. பையில் மிஞ்சும் சக்கையையும் வீணாக்காதே, பூந்தொட்டி மண்ணில் கிளறிவிடு.

பலன் அவ்வளவுதான் என்றால் ஏன் இன்னும் செய்கிறீர்கள் என்று கேட்பாய். எனக்கு அந்தக் காலை நேரம் பிடிக்கும் பாப்பா. 24 மணி ஆனதும் பம்பை நிறுத்துவேன். சலசலப்பு அடங்கும். பழுப்புத் தண்ணீரில் நுரை ஒவ்வொன்றாக உடையும். குனிந்து முகர்ந்தால் முதல் மழை விழுந்த தரையின் வாசம் வரும். அந்த வாசத்துக்கு ஜியோஸ்மின் என்று பெயர், 1965-இல் வைத்தார்கள். மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியா இனம் அதை உண்டாக்குகிறது. மிக மிகக் குறைவாக இருந்தாலும் மனித மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். உனக்கு மீட்டரும் கருவியும் வாங்கித் தர வேண்டாம், அந்த மூக்கு இருக்கிறது. புளிப்பு, சாக்கடை, முட்டை, சாராயம், இதில் எது அடித்தாலும் செடிக்குப் போகக்கூடாது.

ஊற்றி முடித்த கையோடு குழாயையும் காற்றுக் கல்லையும் கழுவிவிடு. காய விட்டால் உள்ளே வழவழவென்று ஒரு படலம் பிடித்து அடுத்த வாளியைக் கெடுக்கும். கல்லை 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் கொஞ்ச நேரம் ஊற வைத்து, நல்ல தண்ணீரில் பம்பை இரண்டு நிமிஷம் ஓட விட்டால் துளைகள் திறந்துகொள்ளும்.

சனிக்கிழமை காலையில் ஆரம்பித்தால் ஞாயிறு காலை தயாராகிவிடும். இடையில் நீ வீட்டில்தான் இருப்பாய், சத்தம் நின்றால் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வாளியை முகர்ந்து பார்த்துவிட்டு எனக்குப் போன் போடு. என்ன வாசம் வந்தது என்று உன் வாயால் கேட்க வேண்டும். அம்மா போன வாரம்தான் மறுபடி மிளகாய் விதை ஊற வைத்திருக்கிறாள், முளைத்ததும் குட்டிக்குப் படம் அனுப்பச் சொல்லியிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா