ஒரு பட்டுக் கடையைக் குறைத்து, பெய்ஹாய்க்கு அரை நாள் கொடுங்கள்

ஊர் ஊராக அலுவலகம் வைத்துத் தமிழர்களைச் சீனாவுக்கு அழைத்துச் செல்லும் பயண ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம்.

உங்களில் யாருடைய பெய்ஜிங் பட்டியலை எடுத்தாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. பெருஞ்சுவர், பழைய அரண்மனை, தியானன்மென் சதுக்கம், நடுநடுவே பட்டுக் கடை, முத்துக் கடை, ஜேட் என்னும் பச்சை மணிக்கல் கடை. கடைக்கு ஒன்றரை மணி நேரம் தாராளமாகக் கிடைக்கிறது. அரண்மனையின் வடமேற்கு மூலையை ஒட்டியே இருக்கும் பெய்ஹாய் பூங்காவுக்கு மட்டும் நேரம் இருப்பதில்லை. நான் போன குழுவில் தெற்கு வாசல் பக்கம் பஸ்ஸை மெதுவாக ஓட்டி, "அதோ வெள்ளை ஸ்தூபி, போட்டோ எடுத்துக்குங்க" என்றதோடு சரி. மறுநாள் ஓய்வு நேரத்தில் நானே போய்ப் பார்த்தேன். பார்த்த பிறகுதான் கோபம் வந்தது.

பூங்கா என்றதும் சறுக்குமரமும் சுண்டல்காரரும் நம் நினைவுக்கு வருகிறார்கள். உங்களுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். பெய்ஹாய் கிட்டத்தட்ட 69 ஹெக்டேர், அதில் பாதிக்கு மேல் ஏரி. 12ஆம் நூற்றாண்டில் ஜின் வம்ச அரசர்கள் இங்கே அரண்மனை கட்டினார்கள். அடுத்த நூற்றாண்டில் மங்கோலியப் பேரரசர் குப்லாய் கான் தன் தலைநகரையே இந்த ஏரியை நடுவில் வைத்துத்தான் அமைத்தார். ராஜாங்கத் தோட்டமாகவே இருந்த இடம், 1925இல்தான் பொதுமக்களுக்குத் திறந்தது.

தெற்கு வாசலை ஒட்டி, வட்டமான மதிலுக்குள் உயர்ந்து நிற்கும் ஒரு மேடு இருக்கிறது. வட்ட நகரம் என்பார்கள். அங்கிருந்து தொடங்குங்கள். முற்றத்தில் ஒரு கல் மண்டபம், அதற்குள் ஒற்றை ஜேட் கல்லில் குடைந்த பெரிய தொட்டி. எடை சுமார் மூன்றரை டன். சுற்றிலும் அலைகளும் கடல் விலங்குகளும் செதுக்கியிருக்கிறார்கள். 1265இல் குப்லாய்க்காகச் செய்த மதுத் தொட்டி இது. இடையில் எப்படியோ கைமாறி ஒரு தாவோ மதக் கோயிலுக்குப் போய், அங்கே காய்கறி ஊறுகாய் போடும் ஜாடியாக இருந்ததாம். 18ஆம் நூற்றாண்டில் சியான்லுங் பேரரசர் அதை மீட்டுக் கொண்டுவந்தார். இதே குப்லாய் ஆட்சியில்தான், 1281இல், தெற்கே சுவான்சோ துறைமுகத்தில் ஒரு தமிழர் சிவனை எழுந்தருளச் செய்து தமிழில் கல்வெட்டும் வைத்தார். இந்த ஒரு வரியை உங்கள் வழிகாட்டி மைக்கில் சொன்னால் போதும், பஸ்ஸில் தூங்குகிறவரும் எழுந்து உட்காருவார்.

அதே முற்றத்தில் நிற்கும் பழைய பைன் மரங்களுக்கு சியான்லுங் பட்டமே கொடுத்திருக்கிறார். ஒன்று நிழல் பிரபு, இன்னொன்று வெள்ளை அங்கித் தளபதி. அந்த உயரத்தில் அவை எப்படித் தழைக்கின்றன என்பதற்கு விடை காலடியில் இருக்கிறது. தரைச் செங்கற்கள் மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் இருப்பதால், மழைநீர் இடுக்கு வழியே இறங்கிவிடும். மிஞ்சுவதை மண்ணுக்கடியில் உள்ள கால்வாய் வாங்கிக்கொள்ளும். மழைநீர் சேகரிப்பைச் சட்டம் போட்டு வீட்டுக்கு வீடு வைத்த ஊர்க்காரர்களுக்கு இதைக் காட்டாமல் எதைக் காட்டுவது?

அப்புறம் பாலம் கடந்தால் ஏரிக்குள் இருக்கும் தீவு. வெள்ளை ஸ்தூபி 1651இல், ஷுன்ஜி பேரரசர் காலத்தில், திபெத்திய முறையில் எழுப்பியது. நிலநடுக்கங்களில் சிதைந்து திரும்பவும் கட்டப்பட்டது. தெற்குச் சரிவில் யுங்ஆன் கோயில், படிப்படியாக மேலே போகிறது. முட்டிவலிக்காரர்களைப் படியேற்றாதீர்கள். தீவைச் சுற்றிக் கரையோரமாகவே போனால், வடக்குப் பக்கம் தண்ணீரை ஒட்டிய நீண்ட நடைகூடத்தில் நிழலில் நடந்து மற்றவர்களோடு சேர்ந்துகொள்ளலாம். அங்கிருந்து படகில் வடகரைக்குப் போய்விடலாம். குளிர்காலத்தில் ஏரி உறைந்துவிடும், படகு கிடையாது. பதிலுக்குப் பனிச்சறுக்கு நடக்கும்.

வடகரையில் ஒன்பது டிராகன் சுவருக்குத்தான் கூட்டம். பளபளக்கும் வண்ண ஓடுகளால் ஆனது, இரண்டு பக்கமும் டிராகன்கள். பழைய அரண்மனைக்குள் இருக்கும் இதே மாதிரிச் சுவரில் ஒரு பக்கம் மட்டும்தான். எந்தக் கட்டடத்துக்கு மறைப்பாக இதை எழுப்பினார்களோ அது இப்போது இல்லை. சியான்லுங் தன் தாயின் 80ஆவது பிறந்தநாளுக்காகக் கட்டிய பெரிய சதுர மண்டபமும் இந்தக் கரையில்தான், நாலு பக்கமும் தண்ணீர் சூழ.

என்னைக் கேட்டால், கிழக்கே தள்ளி இருக்கும் ஜிங்சின் தோட்டத்துக்கு ஒரு மணி நேரம் தனியாகவே ஒதுக்கச் சொல்வேன். பூங்காவுக்குள் மதில் கட்டிய இன்னொரு தோட்டம் அது. குறுக்களவில் சின்ன இடம்தான். ஆனால் குளம், பாறைக்குன்று, கல்பாலம், குன்றோடு ஏறி இறங்கும் கூரை வேய்ந்த நடைகூடம் என்று ஒன்றை ஒன்று மறைத்து வைத்திருப்பதால், எங்கே முடிகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. வடக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் ஊர்ச் சாலை ஓடுவது உள்ளே இருப்பவருக்குத் தெரிவதே இல்லை. நான் போனபோது வெளியே நடைபாதையில் ஒரு பெரியவர் துடைப்பம் நீளத் தூரிகையின் நுனியில் ஸ்பாஞ்ச் கட்டி, வாளித் தண்ணீரில் தோய்த்துக் கல்லில் எழுதிக்கொண்டிருந்தார். மூன்றாவது வரிக்குப் போகும்போது முதல் வரி காய்ந்துவிட்டது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சாப்பாட்டுக் கவலை உங்களுக்கு நிச்சயம் இருக்கும். மதியச் சாப்பாட்டை வழக்கமான இந்திய ஓட்டலிலேயே வைத்துக்கொள்ளுங்கள், அதில் கை வைக்கச் சொல்லவில்லை. ஆனால் 1925இல் அரண்மனைச் சமையல்காரர்கள் இங்கே தொடங்கிய ஃபாங்ஷான் உணவகத்தின் பெயரை வழிகாட்டி சொல்லலாம், அந்தப் பரம்பரையில் வந்த பட்டாணி இனிப்பை ஆளுக்கொரு துண்டு வாங்கிக் கொடுக்கலாம். மஞ்சள் பட்டாணியை வேகவைத்து, மசித்து, சர்க்கரை சேர்த்து ஆறவைத்து வில்லை போட்டது. பல் இல்லாத பாட்டிக்கும் ஏற்றது.

செலவு அதிகமாகும் என்பீர்கள். நுழைவுச்சீட்டு, படகு எல்லாம் சேர்த்தாலும் ஜேட் கடையில் எங்களை வாங்கவைக்கும் வளையலின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. கடைக்காரர் தரும் கமிஷன் போய்விடுமே என்பதுதான் கணக்கு என்றால், அந்தத் தொகையைப் பயணக் கட்டணத்திலேயே சேர்த்துக் கேளுங்கள், கொடுக்கிறோம். காலையில் அழைத்துப் போங்கள், தெற்கு வாசலில் இறக்கிவிட்டு வடக்கு வாசலில் பஸ்ஸை நிறுத்துங்கள், அப்போது யாரும் வந்த வழியே திரும்ப நடக்க வேண்டியிருக்காது. அடுத்த பயணப் பட்டியலில் "பெய்ஹாய், அரை நாள்" என்று அச்சில் போடுங்கள். "நேரம் இருந்தால்" என்ற இரண்டு சொற்களை அதோடு சேர்க்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்களைப் போன்றவர்களோடு போய் வந்த ஒரு பயணி