குடத்துக்குள் கையை விட்டுப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

குடிக்கிற தண்ணீரில் நுண்பிளாஸ்டிக், அதாவது பொடிப்பொடியான பிளாஸ்டிக் துகள்கள் கலப்பதைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். விஷயம் சரி. சொன்ன யோசனைகள்தான் எங்கள் தெருவுக்கு ஒத்துவரவில்லை. ‘எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுக் கண்ணாடிக்கு மாறுங்கள்’ என்கிறவர், ஒரு நாளாவது விடியற்காலை அடி பம்பில் வரிசையில் நின்று, இரண்டு குடத்தோடு மூன்று மாடி ஏறிப் பார்க்கட்டும். எவர்சில்வர் குடம் இடுப்பை ஒடிக்கிறது என்றுதான் எங்கள் அம்மா பிளாஸ்டிக்குக்கு மாறினார்.

குடத்தை எறிய வேண்டாம். அதைத் தேய்க்கிற தேய்ப்பைத்தான் நிறுத்த வேண்டும். பாசி பிடிக்கிறதென்று வாரம் தவறாமல் கம்பி நாரைப் போட்டு உரசுவோம். கட்டுரையைப் படித்த கையோடு எங்கள் நீலக் குடத்துக்குள் கையை விட்டுத் தடவினேன். வாங்கும்போது வழவழவென்று இருந்த உள்பக்கம், பூனை நாக்கு மாதிரி சொரசொரத்துக் கிடக்கிறது. செல்போன் விளக்கை அடித்துப் பார்த்தால், மயிரைவிட மெல்லிய நீல நார்கள் சிலிர்த்துக்கொண்டு நிற்கின்றன. உதிர்ந்தது போக மிச்சம் அது. உதிர்ந்ததெல்லாம் எங்கள் வயிற்றுக்குள்தானே போயிருக்கும்? குளிக்கவும் துணி அலசவும் அந்தக் குடமே போதும் என்று வைத்துவிட்டேன். குடிக்கவும் உலை வைக்கவும் மட்டும் ஒரே ஒரு எவர்சில்வர் குடம். நாலு பேர் உள்ள வீட்டில் ஒன்றைத் தூக்கி ஏறுவது பெரிய பாடில்லை.

அடுத்தது கேன். 2019-ல் புழல் ஏரி வறண்டு வெடித்தபோது கேன் தண்ணீருக்குப் பழகினோம். ஏரி நிரம்பியது, பழக்கம் போகவில்லை. எங்களுக்குக் கேன் போடுபவர் மீன்பாடி வண்டியில் அடுக்கிக்கொண்டு உச்சி வெயிலில் வருவார். இறக்கியது போக மீதி கேன்கள் சாயங்காலம் வரை கடை வாசலில் காயும். தரையில் உருட்டி உருட்டி அடிப்பாகம் பால் போல வெளுத்திருக்கும். கேன் தண்ணீரைச் சுத்திகரிக்கிற ஆர்.ஓ. சவ்வு இந்தத் துகள்களைப் பெருமளவு தடுத்துவிடும். தடுத்த தண்ணீரைத் திரும்பவும் பிளாஸ்டிக்கில் அடைத்து வெயிலில் வைத்தால் என்ன லாபம்? அமெரிக்காவில் 2024-ல் வெளியான ஆய்வு, ஒரு லிட்டர் பாட்டில் தண்ணீரில் சராசரியாக 2,40,000 துகள்களை எண்ணியது. அதுவாவது கடையில் வாங்கிய புது பாட்டில். எங்கள் வீட்டுக் கேன் எத்தனையாவது சுற்றில் இருக்கிறது என்று அதைப் போடுபவருக்கே தெரியாது.

காய்ச்சுவதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. எங்கள் பம்பு தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும். சலித்துக்கொண்டே சுரண்டுவேன். சீனாவில் குவாங்சோ ஆய்வாளர்கள் 2024-ல் சொன்னதைப் பார்த்தால், அந்தச் சுண்ணாம்புதான் பிளாஸ்டிக் துகள்களைச் சுற்றிப் பிடித்துக்கொள்கிறது. கடினமான தண்ணீரை ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து வடித்தால் 90 சதவீதம் வரை குறைந்ததாம். சுண்ணாம்பு குறைந்த தண்ணீரில் கால் பங்குதான். ஆகவே ஆர்.ஓ.வில் சுண்ணாம்பு போய்விட்ட கேன் தண்ணீரைக் காய்ச்சி கேஸை வீணாக்க வேண்டாம். வடிக்கப் பழைய பருத்தி வேட்டித் துணி போதும். பிளாஸ்டிக் வடிகட்டியில் ஊற்றாமல் இருந்தால் சரி.

சூடுதான் இதில் பெரிய வில்லன். காரக்பூர் ஐ.ஐ.டி. 2020-ல் சோதித்ததில், பேப்பர் கப்பில் ஊற்றிய 100 மில்லி சூடான தண்ணீரில் 15 நிமிடத்தில் சுமார் 25,000 துகள்கள் இறங்கின. உள்ளே பூசியிருப்பது பிளாஸ்டிக் ஆயிற்றே! 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த 14 பொருள்களில் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் ஒன்று. வண்ணாரப்பேட்டையிலிருந்து காசிமேடு வரை நடந்து பாருங்கள், அது இல்லாத டீக்கடையைக் கண்டுபிடித்தால் எனக்குச் சொல்லுங்கள். ஓட்டலில் கொதிக்கக் கொதிக்க ரசத்தை கவரில் கட்டித் தருவதும் நின்றபாடில்லை. நான் இப்போது தூக்குவாளியோடுதான் போகிறேன். கடைப் பையன் சிரிக்கிறான். சிரிக்கட்டும்.

பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. உடம்புக்கு என்ன கேடு என்று உறுதியாகச் சொல்லச் சான்று போதாது என்றுதான் உலக சுகாதார நிறுவனமே 2019-ல் சொன்னது. ஆனால் 2024-ல் வெளியான இத்தாலிய ஆய்வில், கழுத்து ரத்தக்குழாய் அடைப்பை அறுவை செய்து எடுத்தபோது பாதிக்கு மேற்பட்டவர்களிடம் அதற்குள் பிளாஸ்டிக் இருந்தது. காசு செலவில்லாத காரியத்தையாவது செய்து வைப்போமே என்றுதான்.

கேன்காரரிடம் வெயில் படாமல் மூடிக்கொண்டு வாருங்கள் அண்ணே என்று சொல்லியிருந்தேன். தட்டாமல் இந்த வாரம் மூடித்தான் வந்தார், வெள்ளை பிளாஸ்டிக் சாக்கால். கோணிச் சாக்குக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை-21.